கள்ளிக்குப்பத்தில் கள்ளி இருக்கிறதா?

சென்னையின் மேற்குப் பக்கத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு காட்டுக்குள் நடந்துபோவது போலிருக்கும். மாங்காடு, திருவேற்காடு, திருமுல்லைவாயில், பருத்திப்பட்டு, வேப்பம்பட்டு, பூந்தமல்லி. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு மரமோ கொடியோ பூவோ நிற்கிறது. அம்பத்தூரில், செங்குன்றம் போகும் சாலையில், அதே வரிசையில் இன்னொரு பெயர் இருக்கிறது. கள்ளிக்குப்பம்.

மற்ற பெயர்களுக்கெல்லாம் கதை உண்டு. திருவேற்காடு என்றால் வேலமரக் காடு. திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அவன் வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது என்பது தலபுராணம். அந்த மாசிலாமணீசுவரர் கோயிலில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களும் இருக்கின்றன. எருக்குக்குக்கூடக் கோயிலில் இடம் கிடைத்துவிட்டது. கள்ளிக்கு யார் புராணம் எழுதுவார்கள்? அது வேலியில் நின்றது, சுடுகாட்டில் நின்றது, கரம்பில் நின்றது. அவ்வளவுதான்.

இன்று கள்ளிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஹார்டுவேர் கடை, டிபன் கடை, அபார்ட்மென்ட், பள்ளி வேன். கள்ளியைப் பார்க்க வேண்டுமானால் சில வீட்டு மாடிகளில் நர்சரியிலிருந்து வாங்கிவந்த குட்டித் தொட்டிகளைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். அசல் கள்ளியைத் தேட வேண்டுமென்றால் ரயில் பிடித்து இன்னும் மேற்கே போக வேண்டும். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டி, விற்றும் வீடு கட்டாத மனைகளின் ஓரத்திலும், ஏரிக்கரைக்கு வெளிப்புறத்திலும், மயானத்துக்குப் போகும் மண்பாதையிலும் அங்கொன்று இங்கொன்றாக நிற்கிறது. இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சைத் தூண்கள். ஒரு தண்டிலிருந்து நான்கைந்து கைகள் மேல்நோக்கி வளைந்து, மெழுகுவத்தி ஸ்டாண்டு போல. இதன் பெயர் சதுரக்கள்ளி.

நம்மூரில் கள்ளிக்குப் பஞ்சமில்லை. கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. மலையாளக் கரையில் தாவரங்களைத் தொகுத்த டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலில் திருக்கள்ளி என்ற பெயரை எழுதிவைக்க, அதை அப்படியே எடுத்து ஒரு செடிக்கு லத்தீன் பெயராக வைத்துவிட்டார் லின்னேயஸ். யூஃபோர்பியா திருக்கல்லி. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் தாவரவியல் மாணவரும் அந்தச் செடியைச் சொல்ல வேண்டுமென்றால் நம் ‘கள்ளி’யைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சதுரக்கள்ளிக்கு அவர் 1753-இல் வைத்த பெயர் யூஃபோர்பியா ஆன்டிகோரம். ‘முன்னோர்களின் கள்ளி’ என்று பொருள். சங்கப் பாட்டுக்காரர்கள் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

பெயரில் சதுரம் இருக்கிறதே தவிர, கிளையை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று பட்டைகள்தான் இருக்கும். நான்கும் உண்டு, ஐந்தும் உண்டு. பட்டையின் விளிம்பு நெளிநெளியாக அலை போல ஓடும். ஒவ்வொரு நெளிவின் மேட்டிலும் இரண்டிரண்டாக முள். அடித்தண்டு மட்டும் வயதானால் பட்டை தடித்துப் பழுப்பாகி, உண்மையான மரம் போலவே ஆகிவிடும்.

கள்ளியா, காக்டஸா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சதுரக்கள்ளியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பத்தில் ஒன்பது பேர் ‘காக்டஸ்’ என்பார்கள். அது காக்டஸ் இல்லை. காக்டஸ் குடும்பம் முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. ஒரே ஒரு விதிவிலக்கு, மரத்தில் தொங்கி வளரும் ஒரு மெல்லிய இனம். அது மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே காணப்படுகிறது. நம் சதுரக்கள்ளி ஆமணக்கு, மரவள்ளிக்குச் சொந்தக்காரச் செடிகளின் கூட்டத்தில் வருவது. காக்டஸுக்கும் அதற்கும் ரத்த உறவே கிடையாது.

பின் ஏன் இரண்டும் ஒரே மாதிரி? வறட்சி அப்படி வடித்துவிட்டது. தண்ணீர் இல்லாத மண்ணில் இலை என்பது ஆடம்பரம். இலையைக் கைவிட்டு, தண்டையே பச்சையாக்கி, அதற்குள் தண்ணீரைச் சேர்த்துவைத்து, மேலே மெழுகு பூசி, திருடர்களுக்கு முள் காட்டி நிற்பது ஒன்றுதான் வழி. அமெரிக்காவில் ஒரு குடும்பம் அந்த வழியைக் கண்டுபிடித்தது. இங்கேயும் ஆப்பிரிக்காவிலும் இன்னொரு குடும்பம் தனியாக அதே வழியைக் கண்டுபிடித்தது. ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு வீட்டிலும் அதே குழம்பு வைத்தது போல.

வித்தியாசம் கண்டுபிடிக்க முள்ளைப் பாருங்கள். காக்டஸில் முட்கள் ஒரு பஞ்சு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். நம் கள்ளியில் ஜோடி ஜோடியாக இருக்கும். இன்னொரு அடையாளம் பால். கள்ளியில் சின்னக் கீறல் பட்டாலும் வெள்ளைப் பால் வழியும். அதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

அந்தப் பாலுக்கு நம் மாநிலத்தில் ஒரு கறுப்புக் கதையும் இருக்கிறது. பெண் சிசுக்கொலைச் செய்திகளில் கள்ளிப்பால் என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று 40 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், 1994-இல் ‘கருத்தம்மா’ படம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். மனிதர்கள் செய்த பாவத்துக்குச் செடி கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

காய் வெடிக்கும் சத்தம்

சதுரக்கள்ளியின் வாழ்க்கையை விதையிலிருந்து சொல்வதைவிட, பூவிலிருந்து சொன்னால் சுவாரஸ்யம். முள் ஜோடிக்குச் சற்று மேலே, பட்டை விளிம்பில், மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னக் கிண்ணங்கள் தோன்றும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதைத்தான் நாம் பூ என்போம். ஆனால் அது ஒரு பூ அல்ல, ஒரு கூட்டுக்குடும்பம். கிண்ணத்தின் நடுவில் ஒரே ஒரு பெண் பூ. சுற்றிலும் பல ஆண் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு மகரந்தத் தாள் மட்டுமே உடையது. கிண்ணத்தின் விளிம்பில் தேன் சுரக்கும் திட்டுகள். இதழ் இல்லை, வாசனை விளம்பரம் இல்லை. தேன் திறந்தவெளியில் பளபளக்கிறது. எறும்பு, ஈ, தேனீ யார் வேண்டுமானாலும் வரலாம்.

பெண் பூ கருவுற்றதும் ஒரு காம்பில் தலையை வெளியே நீட்டி, மூன்று புடைப்புள்ள காயாகிறது. மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. வெயிலில் காய்ந்து இறுகி, ஒரு கட்டத்தில் ‘பட்’டென்று வெடிக்கும். விதை தள்ளிப்போய் விழும். பறவை தின்று எச்சமிட வேண்டும், காற்று அடிக்க வேண்டும் என்றெல்லாம் காத்திருப்பதில்லை.

இந்தச் சத்தத்தைச் சங்கப் புலவர் கேட்டிருக்கிறார். குறுந்தொகையின் 174-ஆவது பாட்டு. மழை மறந்த காட்டில் கள்ளிக்காய் வெடிக்கிறது. அந்த ஓசையில் ஜோடியாக இருந்த புறாக்கள் பிரிந்து பறக்கின்றன. பொருள் தேடிப் போகிற கணவன், வீட்டில் இருக்கும் மனைவி என்ற பிரிவுக்கு அந்தக் காய் ஒரு குறி. பாடியவர் வெண்பூதியார். அதே நூலின் 16-ஆவது பாட்டிலும் கள்ளிக்காடு வருகிறது, அங்கே ஒரு பல்லி துணையைக் கூப்பிடுகிறது. புறநானூற்றில், மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு இன்னும் உயிரோடு இருக்கிறேனே என்று புலம்பும் சேர அரசன் மாக்கோதையின் பாட்டில், சுடுகாட்டில் கள்ளி ஓங்கி நிற்கிறது. காதல் பிரிவுக்கும் கள்ளி, சாவுப் பிரிவுக்கும் கள்ளி. செடிகளைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எழுதியவை இவை. ஒரு காயின் ‘பட்’ சத்தம் 2,000 ஆண்டு தாண்டி நம் காதில் விழுகிறதென்றால் சும்மாவா!

விழுந்த விதையில் எத்தனை பிழைக்கும் என்பது வேறு கதை. மழைக்கு முளைத்துவிடும். முதல் கோடைதான் தேர்வு. வெட்டவெளியில் முளைத்தது கருகிவிடும். காரை, சூரை, களா போன்ற புதர்களின் நிழலில் முளைத்ததற்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம். தாய்வீட்டில் பிள்ளை வளர்வது போல அங்கே மெதுவாக வளர்ந்து, புதரைத் தாண்டித் தலை நீட்டி, தூணாகி, கை விட்டு, பூத்து, மறுபடி வெடிக்கும்.

அரிசோனாவின் தாத்தாக்கள்

இதே கதையை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போக வேண்டும். கௌபாய் படங்களில் கை தூக்கி நிற்குமே, அந்தத் தூண் காக்டஸின் பெயர் சகுவாரோ. அந்த ஊர்க்காரர்கள் ‘சவாரோ’ என்று சொல்வார்கள். சொனோரா பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. டூசான் நகரத்தின் இரண்டு பக்கமும் அதற்கென்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது.

அதன் பொறுமையைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். முளைத்து 8 ஆண்டு ஆன பிறகும் உயரம் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம். நம் வீட்டுப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் போகிற வயதில் அது நம் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. முதல் பூ சுமார் 35 வயதில். பக்கவாட்டில் கை முளைப்பது 50-லிருந்து 70 வயதுக்குள். சில இடங்களில் 100 கூட ஆகும். ஆயுள் 150 ஆண்டைத் தாண்டும். 12 மீட்டர் உயரம், மழை குடித்து நிரம்பியிருந்தால் இரண்டு டன்கூடத் தேறும் எடை. பூ இரவில் விரியும், மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் இரவில் வௌவாலும், பகலில் தேனீயும் புறாவும் வந்து வேலையை முடிக்க வேண்டும். ஒரு பழத்துக்குள் 2,000 விதை வரை. வாழ்நாள் முழுக்க 4 கோடி விதை போடுகிறது என்று கணக்கு. அதில் ஒன்றோ இரண்டோ முழு மரமானால் பெரிய விஷயம்.

பிழைக்கும் அந்த ஒன்றுக்கும் ஒரு செவிலித்தாய் தேவை. அங்கே அதைச் ‘செவிலி மரம்’ என்றே சொல்கிறார்கள். அப்படி நிழல் கொடுத்து வளர்க்கும் மரங்களில் ஒன்று மெஸ்கீட். அது யார் தெரியுமா? நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய பங்காளி. அங்கே கள்ளிப் பிள்ளையை மடியில் வைத்து வளர்க்கிற குடும்பம், 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட பிறகு, புதர்க்காட்டுக்குள் புகுந்து மற்றவற்றை நெருக்கித் தள்ளுகிறது. ஊர் மாறினால் குணமும் மாறிவிடும் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம், இது சகுவாரோவுக்கும் சதுரக்கள்ளிக்கும் பொதுவானது. மற்றச் செடிகள் பகலில் மூச்சுத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்கும். கூடவே தண்ணீரும் ஆவியாகப் போகும். இவை பகலில் கதவைச் சாத்திவிடுகின்றன. இரவில், குளிர்ந்த பிறகு, காற்றை வாங்கி அமிலமாகச் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் கதவைத் திறக்காமலே சமைத்துக்கொள்கின்றன. சாயங்காலமே காய் வாங்கி நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு இந்த டெக்னிக் புதிதல்ல.

ஆனால் இந்த ஏற்பாடு நடக்க இரவு குளிர வேண்டும். 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இரவும் ஆறவில்லை. நின்றுகொண்டிருந்த சகுவாரோக்கள் கை உதிர்ந்து, உள்ளுக்குள் அழுகிச் சாய்ந்தன. பாலைவனத்துக்கென்றே பிறந்த செடிக்கும் நகரத்து இரவு தாங்கவில்லை.

வந்த காக்டஸ், போன காக்டஸ்

காக்டஸ் இங்கே வராமலும் இல்லை. சப்பாத்திக்கள்ளி அசல் காக்டஸ்தான், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர்களோடு வந்தது. அதன் கதையில் நம் சைதாப்பேட்டைக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் சிவப்புச் சாயத்துக்கு ஏக கிராக்கி. சாயம் கிடைப்பது சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து. பூச்சி ஸ்பெயின்காரர்களின் கையில், மெக்ஸிகோவில். அதை உடைக்க வேண்டுமென்று மெட்ராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1780-களின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கம்பெனி பரிசும் அறிவித்தது. 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து மெட்ராஸுக்கு வந்தது. வந்தது தவறான இனம். சாயம் மட்டம். பூச்சிக்கு மட்டும் நல்ல பசி. சாயம் கிடைக்கவில்லை, ஆனால் தென்னிந்தியாவில் பல இடங்களில் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி அடியோடு காணாமல் போனது. களைச்செடியை அதன் பூச்சியை வைத்தே ஒழிக்கலாம் என்று உலகம் முதலில் கற்றுக்கொண்டது அப்படித்தான். பிறகு இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளி காடாக மண்டியபோது, 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கோச்சினீலை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். அதுவும் சில ஆண்டுகளில் வேலையைக் காட்டிவிட்டது.

இன்றைக்கு இந்தப் பக்கத்தில் தூண் காக்டஸ் என்றால் பழைய வீடுகளின் கேட் ஓரத்தில் நீலப்பச்சை நிறத்தில் நிற்கிறதே, அந்தச் செரியஸ் இனம்தான். தென் அமெரிக்காக்காரர். மாடி உயரம் வளரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தாம்பாளம் போல வெள்ளைப் பூ விரியும், காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது தொங்கிப்போயிருக்கும். பெரும்பாலும் காய்ப்பதில்லை. காரணம் எளிது. அதன் பூ தன் சொந்த மகரந்தத்தை ஏற்காது. தெருவில் பத்து வீட்டில் இருந்தாலும், பத்தும் ஒரே செடியிலிருந்து ‘ஒரு துண்டு கொடுங்களேன்’ என்று வாங்கி நட்டவையாக இருந்தால், பத்தும் ஒரே செடிதான். வருஷா வருஷம் பூத்து, யாருக்கோ காத்திருந்து, உதிர்ந்துவிடுகிறது. கோயம்பேட்டில் கிலோக் கணக்கில் விற்கிற டிராகன் பழமும் காக்டஸ்தான்; அதிலும் பல ரகங்களுக்கு விவசாயிகள் ராத்திரி டார்ச் அடித்துக் கையால் மகரந்தம் தடவுவது இதனால்தான்.

வேலியில் இருந்த உலகம்

பட்டாபிராமுக்கு அப்பால் ஒரு கரம்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம், அங்கே வரிசையாக நின்ற நாலைந்து தூண்களைக் காட்டிக் கேட்டேன்.

“ஆயா, இது யார் வச்சது?”

“எங்க மாமனாரு காலத்துல வச்சதுப்பா. இது அத்தனையும் கொல்லை. கேவுரு, வேர்க்கல்ல போடுவாங்க. இது வேலி.”

“எப்படி நடுவீங்க?”

“கைய வெட்டி நாலு நாளு நெழல்ல போட்டு வச்சிடணும். வெட்டுன வாயி காய்ணும். அப்பறம் வரப்பு மேல சொருவிட வேண்டியதுதான். தண்ணி ஊத்தாத. ஊத்துனா அழுவிப்பூடும்.”

“ஆடு கடிக்காதா?”

“ஆடா? உன் சட்டையக்கூட கடிக்கும். இத மோந்துட்டுப் போயிடும்.”

‘கள்ளிக்கு ஏன் முள்வேலி, கழுதைக்கு ஏன் கடிவாளம்’ என்ற பழமொழி ஆயாவிடம் கேட்டிருந்தால் இன்னும் பத்து கிடைத்திருக்கும். காசில்லாத வேலி அது. கம்பி வேண்டாம், கல்தூண் வேண்டாம், ஆசாரி வேண்டாம். முன்பு இதை ஊருக்கே அரணாகவும் வைத்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியைச் சுற்றி முள்ளும் கள்ளியும் சேர்ந்த ஒரு பெரிய வேலி இருந்தது. 1760-இல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டபோது முதலில் அந்த வேலியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

வேலி என்றால் கள்ளி மட்டுமல்ல. அந்த நாலைந்து தூண்களிலேயே பிரண்டை ஏறியிருந்தது, கோவைக்கொடி ஏறியிருந்தது, வேலிப்பருத்தி காய் விட்டிருந்தது. முடக்கத்தான் பட்டாணிப் பலூன் போலத் தொங்கியது. பிரண்டைத் துவையலுக்கும் முடக்கத்தான் தோசைக்கும் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் கட்டு வாங்குகிறோம். அன்று வேலியில் பறித்தார்கள். உச்சியில் ஓர் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதை அதுவும் கேள்விப்பட்டிருக்கும் போல.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் போனபோது இந்த வழியெல்லாம் ஏரி, வயல், கரம்பு. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அதே 60-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை வந்தது, வீடு வந்தது. நம்மில் பலருடைய அப்பாக்கள் சென்னைக்கு வந்ததே அதனால்தான், குறை சொல்ல முடியாது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சியானது. போரூரிலிருந்து பூந்தமல்லி வரும் சாலையில் இன்று தூண் என்றால் மெட்ரோ தூண். கொல்லை மனையானதும் முதலில் வருவது ஜேசிபி, முதலில் போவது வேலி. பிறகு காம்பவுண்ட் சுவர்.

இதில் நுணுக்கமான ஒரு விஷயம் தொலைந்துபோகிறது. வேலிக் கள்ளி நட்டது. அதுவும் செரியஸ் மாதிரி துண்டுகளின் வரிசைதான். வெட்டினால் துளிர்க்கும், நட்டால் வேர்விடும், மனிதர் இருக்கும் வரை அது இருக்கும். விதையிலிருந்து ஒரு புதுக் கள்ளி பிறக்க வேண்டுமென்றால் வேலி போதாது. வேலிக்குப் பக்கத்தில் யாரும் உழாத, யாரும் சுத்தம் செய்யாத நிலம் வேண்டும். காய் வெடித்துத் தெறிக்கும் விதை விழுவதற்குக் காரைப்புதர் வேண்டும். நாம் ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று சொல்வதுதான் அதன் பிரசவ வார்டு. மனைப்பிரிவுகளில் அந்த ஒரு வகை நிலத்துக்குத்தான் நம்பர் கிடையாது. சுவரோரம் தப்பி நிற்கும் கள்ளியின் காய் வெடித்தாலும் விதை விழுவது சிமென்ட்டில்.

ஆவடியைச் சுற்றி ராணுவத்தின் கையில் இருக்கும் நிலங்களில், கம்பிவேலிக்கு உள்ளே, புதர்க்காடு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ரயிலிலிருந்து பார்ப்பதோடு சரி. நாம் உள்ளே போக முடியாது என்பதே அதன் அதிர்ஷ்டம் என்று எனக்குத் தோன்றும். நகரத்துக்குள் என்றால் கிண்டி தேசியப் பூங்காவின் புதர்க்காட்டை நினைத்துக்கொள்ளலாம். ஏரிக்கரைகளை அழகுபடுத்தும்போது ஓர் ஓரத்தையாவது கத்தரிக்காமல் விட்டால் இந்தப் பக்கத்திலும் சின்னச் சின்ன கிண்டிகள் மிஞ்சும். பேவர் பிளாக் போட்ட நடைபாதையும் செல்ஃபி பாயின்ட்டும் வேண்டும்தான். கூடவே பத்தடி அகலத்துக்குக் கரடு கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் தெருவில் மனை சுத்தம் செய்யும்போது சதுரக்கள்ளியைச் சாய்த்தால், ஒரு கையை வாங்கிவைத்துக்கொள்ளலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், கண்ணில் தெறித்தால் கழுவிய கையோடு டாக்டரிடம் ஓட வேண்டும். வெட்டுவாயை ஒரு வாரம் நிழலில் ஆற விடுங்கள். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடியில் தண்ணீர் வடியும் இடமாகப் பார்த்துச் செங்குத்தாக ஊன்றி, சாயாமல் ஒரு குச்சி கட்டுங்கள். பால்கனித் தொட்டியைவிட, காம்பவுண்டுக்கு வெளியே யாரும் கால் வைக்காத ஓரம் நல்லது. பக்கத்தில் ஒரு களாச்செடியும் இருந்தால் இன்னும் நல்லது. முதல் மழை வரைக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.